கட்டை இருக்கையில் ஊர் சுற்றப் போனவன்

அறுபத்து மூன்றாவது வயதில் ஒரு மகத்தான முடிவுக்கு வந்தேன். முதுகில் ஒரு பை. கையில் இருப்பதிலேயே மலிவான ரயில் டிக்கெட். சியான், செங்டு, சோங்சிங் என்று சீனாவில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத்தான் சொந்த ஊரான லுவோயாங் திரும்புவது. ஓட்டல் கிடையாது. டாக்சி கிடையாது. முக்கியமாக, மனைவி கிடையாது.

கடைசி விஷயத்தை மட்டும் வெளியே சொல்லவில்லை.

ச்சுயிலான் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. தங்கமானவள். ஆனால் முள்ளங்கி விற்பவனிடம் அவன் மாமியார் உடம்பு தேவலையா என்று விசாரிக்காமல் முள்ளங்கியைத் தொட மாட்டாள். ஒரு சந்தையைக் கடக்கவே அரை நாள். அவளோடு மூன்று நகரம் என்றால், என் ஆயுள் காணாது.

எனக்குத் துணைக்கு ஆள் தயாராக இருந்தான். ஷாவ். இளவயதில் தண்ணீர் நிலையத்தில் என்னோடு குழாய் திருகியவன். இப்போது சியானில் மனைவியோடு நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறான். நான் சியான் வரவேண்டியது. அவன் சேர்ந்துகொள்ள வேண்டியது. கடையை அவன் மனைவி பார்த்துக்கொள்ள வேண்டியது. போனிலேயே எல்லாம் பேசி முடித்துவிட்டோம்.

வீட்டில் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"ச்சுயிலான், நான் கொஞ்சம் ஊர் சுத்திட்டு வரலாம்னு பாக்கறேன்."

"சுத்துங்களேன். நானும் வரேன்."

"முதுகுல பை தூக்கணும்மா."

"இத்தனை வருஷமா உங்களையே தூக்கிக்கிட்டு நடக்கறேன். பை எம்மாத்திரம்?"

"ரொம்ப சிக்கனமான பயணம். கஷ்டப்படுவே."

"உங்க சம்பளத்துல குடித்தனம் பண்ணினவகிட்ட சிக்கனத்தைப் பத்திப் பேசறீங்களா?"

பேச்சை அதோடு நிறுத்தினேன். மறுநாளே ஷாவுக்குப் போன் போட்டேன். புதுத் திட்டம். பயணத்தின் முதல் கட்டத்தை நரகமாக்குவது. சியானிலேயே அவள், "ஆளை விடுங்க சாமி" என்று வீடு திரும்பிவிடுவாள். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சுதந்திரப் பறவைகள். முதுகில் பை, வாயில் பொய். புறப்பட்டேன்.

ரயிலில் நான் எடுத்தது மெத்தை இல்லாத மலிவு வகுப்பு, கட்டை இருக்கை. அதில் அரை நாள் உட்கார்ந்தால் நம்முடைய கட்டை எழுந்திருக்காது. பெட்டி முழுக்கக் கூட்டம். வழியெல்லாம் மூட்டை. எனக்குப் பரம திருப்தி.

அடுத்த நிலையம் வருவதற்குள் ச்சுயிலான் எதிர் இருக்கைக்காரியின் மருமகள் கதையில் மூழ்கியிருந்தாள். அதற்கடுத்த நிலையத்தில் ஒரு லாரி டிரைவர் எழுந்து அவளுக்கு ஜன்னலோரம் கொடுத்தார். சூரியகாந்தி விதை வந்தது. தேநீரில் வேகவைத்த முட்டை வந்தது. யாரோ வெந்நீர் பிடித்து வந்தார்கள். நான் காய்ந்த பன்னைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தலைவரே, முட்டை வேணுமா?" என்றாள் ச்சுயிலான்.

"திட்டத்துல முட்டை இல்லை."

"அப்ப திட்டத்தையே உரிச்சுத் தின்னுங்க."

பெட்டியே சிரித்தது. திட்டம் போட்டவனும் நான். திட்டு வாங்கியவனும் நான்.

சியானில் வேண்டுமென்றேதான் ஷாவின் வீட்டுக்குப் போகவில்லை. மாணவர்கள் தங்கும் விடுதி. ஒரே அறையில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில். இதற்கு மேல் எந்தப் பெண்பிள்ளை தாங்குவாள்?

அறையில் இருந்த கல்லூரிப் பெண்கள், "அத்தை, நீங்க கீழ்க்கட்டில்ல படுங்க" என்று தாங்கினார்கள். அத்தைக்குத் தலையணை. அத்தைக்குப் பழம். அத்தையின் புருஷனுக்கு மேல்கட்டில். ஏணியில் பாதி ஏறும்போது என் முழங்கால், "இதுக்கு மேல என்னால ஆகாது" என்று நின்றுவிட்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. தொங்கினேன்.

"ஏங்க, அங்க என்ன பண்றீங்க?"

"வேடிக்கை பாக்கறேன்."

"பாத்தது போதும், இறங்குங்க" என்று இரண்டு பெண்களைக் கூப்பிட்டு என்னைத் தரையிறக்கினாள். அவள் மேலே ஏறிக்கொண்டாள். அணில் மாதிரி.

காலையில் கடைசி அஸ்திரம். ஊரைச் சுற்றி நிற்கும் பழைய கோட்டைச் சுவர் மேல் முழுச் சுற்று நடை. வண்டி கிடையாது, சைக்கிள் கிடையாது. அவள் முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். நான் ஒரு கொத்தளத்தில் சாய்ந்து மூச்சைத் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முழங்காலை எடுத்து மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள்.

"ஏங்க, சியான் இவ்வளவு பக்கமா?"

"பக்கம்தான். ஏன்?"

"நூல் மில்லு, வீடு, மில்லு, வீடுன்னே ஓடிப்போச்சு. லுவோயாங்கை விட்டு நான் வெளிய வந்ததே உங்க பெரியக்கா சாவுக்குத்தான். வெளியூருன்னாலே ரொம்ப தூரம்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்." கொஞ்ச நேரம் கீழே ஓடும் பேருந்துகளையே பார்த்தாள். "செங்டுல டீக்கடையில மூங்கில் நாற்காலி போட்டு, நாளெல்லாம் உக்காந்திருப்பாங்களாமே. அதை ஒரு தடவை பாத்துடணும்ங்க."

இவளையா திருப்பி அனுப்பப் பார்த்தேன்? ஷாவாவது, சுதந்திரமாவது! செங்டுவுக்கு இவளோடுதான் போவது. அதுவும் கட்டை இருக்கையில் இல்லை, படுக்கை வண்டியில். அங்கேயே முடிவு செய்தேன். ஷாவிடம் நேரில் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடை வாசலில் ஷாவ் ஏப்ரனோடு நின்றிருந்தான். முகம் ஊறிப்போன நூடுல்ஸ் மாதிரி இருந்தது. அவன் பின்னால் அவன் மனைவி ஹுயிரோங். காலில் புது ஷூ. முதுகில் பை.

"என்னடா இது?"

"எல்லாம் தெரிஞ்சுபோச்சுடா கெங்."

"யாருடா சொன்னது?"

"நீதான்."

ஹுயிரோங் முன்னால் வந்தாள். "அண்ணே, இவருக்குக் காது மந்தம். போனை ஸ்பீக்கர்ல போட்டாத்தான் கேக்கும். 'என் பொண்டாட்டியை சியானோட திருப்பி அனுப்பிடறேன், நீ பையைக் கட்டு'ன்னு நீங்க சொன்னதை நான் கேட்டேன். கடையில சாப்பிட்டுக்கிட்டிருந்த அத்தனை பேரும் கேட்டாங்க. ஒருத்தர் கைகூடத் தட்டினார். அன்னிக்கே அக்காவுக்குப் போன் போட்டுட்டேன்."

நான் ச்சுயிலானைப் பார்த்தேன். அவள் பையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ச்சுயிலான், சத்தியமாச் சொல்றேன். அதெல்லாம் பழைய கதை. நாம ரெண்டு பேரும் சேர்ந்து போகலாம்னு சொல்லத்தான் இங்க வந்தேன்."

"நெஜமாவா?"

"நெஜமா. படுக்கை வண்டியில."

அவள் முகம் கனிந்தது. கிட்டே வந்து என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "நம்பறேங்க. உங்க மூஞ்சியிலயே தெரியுது. ஆனா இந்த முட்டியை வச்சுக்கிட்டு சோங்சிங் படிக்கட்டெல்லாம் ஏற முடியுமா? ஊரே மாடிப்படி மாதிரி இருக்குமாம். எனக்கு மனசு கேக்கல. நீங்க இங்க ஓய்வா இருங்க."

"ஓய்வாவா?"

"ஆமாண்ணே," என்று ஹுயிரோங் என் இடுப்பில் இன்னொரு ஏப்ரனைக் கட்டினாள். "பாத்திரம் மட்டும்தான். உக்காந்துக்கிட்டே கழுவலாம்."

கோட்டைச் சுவரில் அவள் பேசியதில் எவ்வளவு உருக்கம், எவ்வளவு உருட்டு என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

இரண்டு பெண்களும் தெருமுனையில் திரும்பிக் கையசைத்தார்கள். ஷாவ் மாவு பிசைந்தான். நான் தட்டு கழுவினேன். தினமும் படம் வந்தது. மூங்கில் நாற்காலியில் ச்சுயிலான். மிளகாய் மிதக்கும் சட்டியின் முன்னால் கண்ணீரும் சிரிப்புமாக ச்சுயிலான். "முட்டிக்குத் தைலம் தேச்சீங்களா? பொய் சொல்லாதீங்க, ஷாவ் அண்ணன்கிட்டே கேட்டுடுவேன்" என்று குரல் வந்தது. அவள் இல்லாமல் சந்தைக்குப் போனால் அரை நொடியில் வேலை முடிந்துவிடுகிறது. அப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவள் திரும்பும் நாள் வந்தது. சவரம் செய்துகொண்டேன். தலைக்குச் சாயம் பூசிக்கொண்டேன். ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது போன் அடித்தது.

"ஏங்க, உங்க திட்டம் பிரமாதம்! நீங்க சொன்ன மாதிரியே சிக்கனமாப் போனோமா, காசு நெறைய மிச்சம்!"

என் நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தியா? நான் சொல்லல?"

"அதான், அப்படியே குன்மிங்கையும் பாத்துட்டு வந்துடறோம். ரயில் கிளம்பிடுச்சுங்க."

தலையில் சாயம் காய்வதற்குள் ஷாவ் அடுத்த அடுக்குத் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.