வரலட்சுமி வீட்டு ஒழுகல்

ஆவடியில் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பு. அதன் பராமரிப்பு அலுவலகத்தில் சிமெண்ட் இருக்காது, மணல் இருக்காது, கொத்தனார் இருக்கவே மாட்டார். சுற்றறிக்கைக்கு மட்டும் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆவணியில் ஒன்று வந்தது: 'குடியிருப்போரின் உள்ளமைதியைப் பேணி வளர்க்கும் பொருட்டு, அமைதி இல்லங்கள் கண்டறியப்பட்டுப் பரிசளிக்கப்படும்.'

வரலட்சுமிக்குப் பரிசு வேண்டாம், ஒரு கொத்தனார் போதும். மாடித் தொட்டி கசிந்து, கூடத்துக் கொக்கி வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி மூன்று வருஷம் ஆகிறது. வீட்டில் தூளி கட்ட இருப்பதோ அந்த ஒரு கொக்கிதான். அடுத்த மாதம் மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். பதினேழு மனு போட்டாயிற்று. அமைதியைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் ஒழுகலும் படட்டுமே என்று போட்டிக்குப் பேர் கொடுத்தாள். பாவம், நல்ல எண்ணம்தான்.

மேற்பார்வையாளர் திருவேங்கடம் நாலு பேரோடு வந்தார். ஊரெல்லாம் வாஸ்து பார்த்துச் சுவரை இடித்துக்கொண்டிருந்த காலம். அவரும் ஒரு புத்தகம் படித்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கொக்கிக்கு அடியில் வைத்திருந்த வாளியில் 'டொக்' என்றது. கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், இதத்தான் மூணு வருஷமா..."

"பேசாதீங்கம்மா. ஈசான்ய மூலை, தண்ணி, சத்தமும் அளவா இருக்கு. யார் ஐடியா இது?"

"ஐடியா இல்ல சார், ஒழுகுது."

"தானா அமைஞ்சிருக்கா?" உடன் வந்தவர்கள் பக்கம் திரும்பினார். "எழுதிக்குங்க. முதல் பரிசு."

சான்றிதழும், வாளிக்குப் பதிலாக வைக்க ஒரு பித்தளைக் குடமும் வந்தன. சான்றிதழின் அடியில் பொடி எழுத்தில்: 'மேற்படி அமைதி அம்சத்தை அடைப்பதோ மாற்றுவதோ கடுங்குற்றமாகும்.' பதினெட்டாவது மனுவோடு போனவளிடம் குமாஸ்தா, "உங்களுக்கு அமைதி இல்லன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார்.

எதிர்வீட்டு கஸ்தூரிக்கு வயிறு எரிந்தது. 'எங்கள் வீட்டில் ஒழுகவில்லை' என்று புகார் எழுதினாள். அதைப் பார்த்து இன்னும் பதினொரு வீட்டார் எழுதினார்கள். மூன்று வருஷமாகக் கண்ணில் படாத கொத்தனார் துலுக்கானம் மூன்றே நாளில் உளியும் சுத்தியுமாக வந்து நின்றார்.

வரலட்சுமி ஓடிப்போய் மறித்தாள். "அண்ணே, அப்படியே எங்க வீட்டுதயும் அடைச்சிட்டுப் போங்க."

"இன்னாம்மா நீ. உன் ஊட்டப் பாத்துதான் அல்லா ஊட்டுக்கும் ஓட்ட போட அளவு எடுத்துகினு கீறேன். உன்னுதுதான் சாம்பிள்."

ஐப்பசியில் பேரன் பிறந்தான். தூளி இல்லை, பாயில் கிடந்து, குடத்தில் விழுந்த ஒவ்வொரு 'ணங்'குக்கும் தூக்கிவாரிப்போட்டு அழுதான். கஸ்தூரி ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, எங்க வீட்லயும் சொட்டுது. ஆனா உங்க வீட்டுச் சத்தம் வரலையே."

வரலட்சுமி சுவரில் மாட்டியிருந்த சான்றிதழை முந்தானையால் துடைத்தாள். "பிளாஸ்டிக் வாளில எப்படிடி வரும்? பித்தளையில விழணும். அப்பவும் எல்லா வீட்லயும் வந்துடாது."

"புள்ள இப்படி அழறானேக்கா."

"சின்னப் புள்ளதானே," என்றாள் வரலட்சுமி. "அவனுக்கு இன்னும் அமைதி பழகல."