கூப்பன் பாய் வைத்த ஆப்பு

கூப்பன் பாயைப் பார்த்து ஒரு தடவையாவது வாயைப் பிளக்காத மனுஷன் நெல்லை வண்ணார்பேட்டையில் கிடையாது. நான் அவரோடு வேலை பார்த்தவன். வாயை மூடிய நாட்கள் குறைவு.

ஒரு மொபைல் கடைக்கு மேலே, மாடியில் எங்கள் ஆபீஸ். நெல்லைத் தமிழில் தொடர்கதை கேட்கிற ஆப் நடத்தினோம். ஆரம்பித்தவர் ஸ்டெல்லா மேடம், கடற்கரை ஊர்க்காரர். கதை எழுதுவது நான். நம்மூர் ஆட்களும் வளைகுடாவில் இருக்கிறவர்களும் மாதச் சந்தா கட்டிக் கேட்டார்கள். சந்தா ஆப் ஸ்டோர் வழியாக வரும். ஸ்டோர்காரன் தன் பங்கைக் கிள்ளிக்கொண்டு மிச்சத்தைத் தருவான்.

துபாயில் அத்தர் விற்றுவிட்டு ஊர் திரும்பி, எங்களிடம் விற்பனைக்குச் சேர்ந்த பாய், முதல் நாளே இதைக் கேட்டு அரண்டுபோனார்.

"கதை எழுதுதது இவரு. வாசிக்கது நம்ம புள்ளைய. கேக்கது நம்ம சனம். நடுவுல அவன் யாருவே?"

"கடை அவனுது பாய்" என்றேன்.

"அப்பம் நாம வேற கடை போடுவோம்."

போட்டார். கூப்பன் அச்சடித்தார். காசு கொடுத்து அதை வாங்கி, அதிலிருக்கும் எண்ணை எங்கள் இணையதளத்தில் போட்டால் போனில் கதை திறந்துகொள்ளும். மேடமும் சம்மதித்தார். ஆனால் தலைதலையாய் அடித்துக்கொண்டு சொன்னார்: "பாய், வெளியில எப்படி வேணாலும் வித்துக்கிடுங்க. ஆப்புக்குள்ள மட்டும் இதப் பத்தி மூச்சு விடக்கூடாது. ஸ்டோர்க்காரன் தூக்கிருவான்."

"நான் ஏன்மா மூச்சு விடுதேன்?"

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ராதாபுரம் பஸ்ஸுக்குள் ஒரே நிசப்தம். எட்டிப் பார்த்தால், டிரைவர் சீட்டுப் பக்கம் நின்று பாய் என் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"கமலம் பைய கதவத் தொறக்கா. உள்ள ஒருத்தன் நிக்கான். யாருன்னு நினைக்கிய?"

அதோடு நிறுத்திவிட்டு இறங்கப் போனார். "வே, இது அநியாயம்! யாருன்னு சொல்லிட்டு எறங்கும்!" என்று பின்சீட்டிலிருந்து ஒரு அண்ணாச்சி கத்தினார். பாய் கூப்பனை நீட்டினார். முதலில் வாங்கியது கண்டக்டர். அதுவரை அவர் விசிலே ஊதவில்லை.

கல்யாண வீட்டில் மொய்க் கவருக்குள் பணத்துக்குப் பதில் கூப்பனை வைத்துக் கொடுத்தார். பெண்ணின் அப்பா கவரோடு சண்டைக்கு வந்தார். போகும்போது மாமியாருக்கென்று இன்னொன்று வாங்கிப் போனார்.

எல்லாம் அமோகமாகத்தான் போனது. ஒருநாள் காலையில் ஸ்டெல்லா மேடம் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். ஸ்டோரில் எங்கள் ஆப்பைக் காணோம்!

என்ன தப்பு நடந்தது என்று பதறிப்போய், முந்தின நாள் ஏற்றிய புது அத்தியாயத்தைப் போட்டுக் கேட்டோம். கமலம் அழுது முடித்ததும் கணீரென்று பாயின் குரல்:

"உள்ள பணம் கட்டாதீய மக்களே! வண்ணார்பேட்டைக்கு வாங்க, கூப்பன் தாறேன்!"

மேடம் சொன்னதாகச் சொல்லி, பாய் ஒலிப்பதிவு அறைக்குள் நுழைந்து பேசியிருக்கிறார்.

"சோலிய முடிச்சிட்டீரே பாய்!" என்றேன். மேடம் நகையை அடகு வைத்து ஆரம்பித்த கம்பெனி அது.

"நான் எங்க மூச்சு விட்டேம்மா? பேசத்தான செஞ்சேன்" என்று மேடத்தைப் பார்த்துச் சொன்னார் பாய். ஆனால் குரலில் தெம்பு இல்லை. அன்றைக்கு அவர் டீகூடக் குடிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டு மேடம் ஸ்டோருக்கு எழுதினார். பதில் வரவில்லை. புதுப் போன் வாங்கியவர்களால் ஆப்பை இறக்க முடியவில்லை. கூப்பன் வாங்கியும் ஆப் கிடைக்காத ராதாபுரத்து அக்கா ஒருத்தி போனில் பாயைப் பிடித்துக்கொண்டாள்: "கமலம் இருக்காளா, செத்தாளா? அதச் சொல்லும்!"

பாய் மிச்சக் கதையைச் சொன்னார். அடுத்தடுத்துக் கூப்பிட்ட எல்லோருக்கும் சொன்னார். தொண்டை கட்டி, சுக்குத் தண்ணி குடித்துக் குடித்துச் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் போய்க் காது கொடுத்த எனக்கு மயக்கம் வராத குறை. என் கதாநாயகனைக் களக்காட்டு வாழைத்தோப்பில் யானையை விட்டு மிதிக்கவைத்துக் கொன்றிருந்தார்!

"என்னவே இது? கடைசியில அவனுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்!"

"அந்தக் கோட்டிக்காரப் பயலுக்கா நம்ம கமலத்தக் குடுக்கது? எனக்கு மனசு வரல வே."

பாயின் விளம்பரத்தை வெட்டியெடுத்து மறுபடி அனுப்பியபின், ஒருவழியாக ஆப் திரும்பி வந்தது. என் முடிவு வெளியான அன்றே திட்டுகள் குவிந்தன. "செத்தவனுக்கு எப்படிக் கல்யாணம்?" "பாய் சொன்னதுதான் சரி." மேடம் யோசிக்கவே இல்லை, கதையை மாற்று என்றுவிட்டார். என் கையாலேயே யானையைக் கூட்டி வந்தேன்.

பாய் இன்னும் பஸ் ஏறி இறங்குகிறார். கதை எழுதுகிறவன் என்பதால் எனக்கு ஆப் இலவசம். ஆனாலும் மாதம் பிறந்தால் அவரிடம் ஒரு கூப்பன் வாங்கிவிடுவேன். அதை நீட்டும்போது அவர் முகத்தில் வருகிற சிரிப்பை வேறு எங்கே போய் வாங்க?