மேல் ஏரி வாசலில் ஒரு மீசை

"குனிஞ்சு அடியில பாருங்க," என்றாள் படகுகளைச் சோதிக்கிற சாவடிக்காரம்மா.

மீசைக்காரர் குனிந்தார். வண்டியில் ஏற்றியிருந்த அவர் படகின் அடியில் நகக்கண் அளவில் நாலு சிப்பி ஒட்டியிருந்தது.

நேற்றுவரை கீழ் ஏரியில் ஓடிய படகு. அங்கே இந்தச் சிப்பிதான் பெருகிப் பெருகிக் குடிதண்ணீர்க் குழாயையே அடைத்துவிட்டது. மேல் ஏரிக்கு இன்னும் வரவில்லை. அதற்குக் காரணம் வெயிலில் நிற்கிற இந்த ஒற்றைப் பொம்பளைதான். வேறு யாரையும் நம்புவதற்கில்லை.

மணி எட்டரை. பத்து மணிக்கு மேல் ஏரியில் படகுப் பந்தயம். தோற்றாலும் சரி, வராமல் போனாலும் சரி, மீசையை எடுத்துவிடுவதாக மச்சானிடம் சவால் விட்டிருந்தார். மச்சான் படகு ஒரு மாதமாக மேல் ஏரியிலேயே கிடக்கிறது, கொடுத்துவைத்த பாவி.

கத்தியால் சுரண்டித் தட்டிவிட்டார். சிப்பிகள் புல்லில் சிதறின. நாலையும் பொறுக்கிக் கொடுத்தால்தான் ஆச்சு என்று அவள் நின்றுவிட்டாள். முட்டி போட்டுத் தேடினார். ஐந்து கிடைத்தது. ஐந்தாவது எங்கிருந்து வந்தது என்று அவள் படகை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.

படகுப் பலகைக்கு அடியில் கீழ் ஏரித் தண்ணீர் தேங்கியிருந்தது. அவசரத்தில் மீசைக்காரர் அடைப்பைப் பிடுங்க, தண்ணீர் சரிவில் ஏரியைப் பார்த்து ஓடியது. அவள் ஓடி வந்தாள். மணல் மூட்டையைத் தனியாளாய் இழுத்துப் போட்டு மறித்தாள். மூட்டை தூக்கியே வளர்ந்த மீசைக்காரருக்கே மூச்சு வாங்கியது, பார்த்ததற்கே.

சரி, நாமும் உதவுவோம் என்று துண்டை எடுத்துப் படகைத் துடைத்தார். துண்டு கீழ் ஏரியில் நனைந்த துண்டு. படகு முழுக்கப் பாசி இழை.

"இனிமே வெந்நீர் அடிச்சு, சாயங்காலம் வரைக்கும் காயணும்ணே."

"தங்கச்சி, கொஞ்சம் கண்ண மூடிக்கம்மா."

"மூடிக்கலாம். நாளைக்கு வீட்டுக் குழாய்ல தண்ணி வரலன்னா யாரு கண்ணத் தொறக்கிறது?"

உடும்புப் பிடி. திட்டவும் மனசு வரவில்லை, விடவும் மனசு வரவில்லை. ஆனால் அவளுக்கு மேலே ஓர் அதிகாரி இருப்பாரே. மீசைக்காரர் பார்த்த அதிகாரிகள் எல்லாம் தட்டிய பக்கம் வளைகிறவர்கள்.

வேலியோரம் ஒரு வெள்ளைப் படகு கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கயிற்றில் ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ். அவற்றைத் தாண்டி அறைக்குள் போனார். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அதிகாரியிடம் சிப்பி, மூட்டை, துண்டு, மச்சான், மீசை எல்லாவற்றையும் கொட்டினார். பந்தயத்துக்குக் கால் மணி நேரம்கூட இல்லை, ஐயா ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

அதிகாரி வெறுங்காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டு, ஜன்னல் வழியே சாவடியை எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நான் போய்த் தொடங்கி வைக்காம பந்தயமே கிடையாது. என்னோட அந்த வெள்ளைப் படகும் பூட்ஸும் காஞ்சிருச்சான்னு நீங்களே அந்தம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்களேன், எனக்குக் கேக்க பயமா இருக்கு."