நானோ ஐயா தட்டிவிட்ட கிளாஸ்

தண்ணீரை நானோ ஐயா அளவுக்குச் சந்தேகப்பட்ட மனிதர் கண்டியில் இன்னும் பிறக்கவில்லை. கலியாண வீட்டில் குடிக்க நீட்டினால், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதன் பூர்வீகத்தை விசாரித்த பிறகுதான் வாங்குவார். பல பேர் அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்துக்காரர். ஏதோ ஓர் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, ஹந்தானையில் எங்கள் பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தார். மேலே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஓடைத் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகளுக்கு மாதம் தவறாமல் வயிற்றோட்டம். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து மனுசனுக்கு வேறு பேச்சே இல்லை. எங்களுக்கும் தப்ப வழியில்லை.

மண்பானையின் உட்புறம் வெள்ளித்தூள் பூசினார். பெயர்தான் வெள்ளி, பூசிய இடம் கருப்பாகத்தான் இருக்கும். தூள் என்றால் கண்ணுக்கே தெரியாத தூள். ஒரு தலைமயிரைப் பல்லாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு. அதுதான் நானோ. பானையில் கசிந்து இறங்கும் தண்ணீரில் கிருமி செத்துப்போகும். பத்து நிமிஷம் அந்த வெள்ளியைப் புகழ்வார். அடுத்த பத்து நிமிஷம் அதையே திட்டுவார். பானையோடு ஒட்டியிருக்கும்வரை அது தெய்வம், கழன்று வயிற்றுக்குள் போனால் என்ன செய்யும் என்று முழுசாக ஒருவருக்கும் தெரியாது, ஓடையில் கலந்தால் மீனுக்கும் கேடு என்பார். ஆய்வுகூடச் சோதனை சரியாக வந்தும் திருப்தியில்லாமல், ஆறு மாதம் தானே குடித்துப் பார்த்தார். தினமும் காலையில் கொப்பியில் "இருக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

கடைசியில் லயத்தில் ஒரு பெரிய பானை வைத்தார். அது பிடித்துப்போனால் எல்லா வீட்டுக்கும் பானை தருவதாகச் சொன்ன ஒரு பெரிய மனிதர் திறப்பு விழாவுக்கு வந்தார். மாலை, பாற்சோறு, பேச்சு எல்லாம் தடபுடலாக நடந்தது. முதல் கிளாஸை அவர் கையில் கொடுத்தார்கள். பின்னால் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஐயா பானைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே புத்தம் புதுப் பானையாகச் செக்கச்செவேலென்று இருந்தது. அவர் முகம் வெளிறிவிட்டது.

"ஆர் இதைத் தேச்சது?"

லயத்துச் செல்லம்மா அக்கா பெருமையோடு முன்னால் வந்தார். "நாங்கதாங்க ஐயா. பெரியவங்க வர்றாங்கல்ல, உள்ள ஒரே கருப்பா கெடந்துச்சு. சாம்பலும் தேங்கா நாரும் போட்டு நல்லா தேய்ச்சோம்."

விருந்தாளி வருகிறார் என்றால் பாத்திரத்தைத் தேய்க்காமல் விட எங்கள் பெண்களுக்குத் தெரியாது. இதற்குள் பெரிய மனிதர் கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். ஐயா ஒரே பாய்ச்சலில் தட்டிவிட்டார். தண்ணீர் முழுக்க வெள்ளைச் சட்டையில். அவர் பாற்சோற்றைத் தொடாமல் வாகனம் ஏறினார். எல்லா வீட்டுப் பானைகளும் அவரோடு போயின.

எனக்கு வந்ததே கோபம். ஒரு மிடறில் என்ன ஆகிவிடப் போகிறது, ஒரு வருஷப் பாடெல்லாம் போச்சே என்று கத்தினேன்.

"ஒண்டும் ஆகாமலும் இருக்கலாம் தம்பி. எனக்குத் தெரியாது. தெரியாததைப் பிள்ளையளுக்குக் குடுக்கேலாது."

சொல்லும்போதே அழுதுவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, செல்லம்மா அக்காவை ஒரு வார்த்தை திட்டாமல், வீடு வீடாகப் போய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லிவிட்டு, பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

இப்போது மகளோடு யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். ஞாயிறுதோறும் போன் எடுப்பார். லயத்துப் பிள்ளைகள் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறார்களா, யாருக்காவது வயிறு சரியில்லையா என்று கேட்பார். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆனாலும் ஒரு ஞாயிறு அந்தப் போன் வரவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.