கடல் தாண்டும் ரேகை

நடக்கப்போவதையெல்லாம் முன்கூட்டியே அறிந்தவர்கள் என்றொரு இனம் உண்டு. வீட்டுக்கு ஒருவராவது தேறுவார்கள். அவர்களில் போர்டு மாட்டித் தொழிலாகவே செய்கிறவர்கள் கொஞ்சம் யோக்கியமானவர்கள். அப்படியொரு கைரேகை அம்மாளைக் காட்டுகிறேன், வாருங்கள். காற்று பலமாக அடிக்கும், தலைமுடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடலோரமாகப் பலகை பாவிய நடைபாதையில், ஐஸ்கிரீம் கடைக்கும் பலூன் சுடும் கடைக்கும் நடுவே, பீரோவைவிடச் சற்றே பெரிய கூண்டு ஒன்று. வாசலில் திரை, உள்ளே இரண்டு முக்காலிகள், ஒரு பூதக்கண்ணாடி. அம்மாளுக்குத் தலை நரைத்தது அங்கேதான். ஈரக் கை, மணல் ஒட்டிய கை, ஐஸ்கிரீம் பிசுபிசுக்கும் கை, கணவன் பார்த்துவிடக் கூடாதென்று பாதி மூடிய கை என்று அகப்பட்ட கையையெல்லாம் பிடித்துப் பார்த்து, அத்தனை பேருக்கும் ஒரே பலனைச் சொல்லிவந்தார். "உங்க மனசு யாருக்கும் புரியல. நீங்க எல்லாரையும் நம்பிடுறீங்க." இதை மறுத்த ஆள் இன்னும் பிறக்கவில்லை. நடந்தால் அம்மாள் சொன்னது. நடக்காவிட்டால் நீங்கள் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொண்டது. மழை வருமா என்பதை மட்டும் ஐஸ்கிரீம்காரரிடம் கேட்டுக்கொள்வார்.

இளசுகள் வந்தால் தனிப் பலன். "கடல் தாண்டுற ரேகை பளிச்சுன்னு இருக்கு கண்ணு. பெத்தவங்க அழுவாங்க, தடுப்பாங்க. திரும்பிப் பாக்காம போ." திரைக்கு வெளியே நிற்கும் தாய் அங்கேயே அழத் தொடங்குவாள். அம்மாளுக்கு என்ன போயிற்று? ஊரார் வீட்டுப் பிள்ளைதானே.

அம்மாளுக்கு ஒரே மகள். அதே பாதையின் கோடியில் ராட்டினத்துக்கு டிக்கெட் கிழிப்பவள். அவளுக்குப் பயணிகள் கப்பலில் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து அம்மாளுக்கு நெஞ்சுவலி. அது சரியான நாளில் முழங்கால்வலி.

"கப்பல் கவுந்துடும்டி."

"எந்தக் கப்பல்மா கவுந்துச்சு?"

"கவுந்தப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?"

மகள் வாதாடவில்லை. கூட்டம் நெரியும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டோக்கன் எடுத்து, வரிசையில் நின்று, திரையை முழுசாக விலக்கி, முக்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"பாருங்கம்மா."

"எழுந்து வீட்டுக்குப் போடி," என்று அம்மாள் பல்லைக் கடித்தார்.

"டோக்கன் இருக்கு."

வரிசை காதைத் தீட்டிக்கொண்டது. சற்றுமுன் கடல் தாண்டும் ரேகை வாங்கிய பையனின் தாய், கண்ணைத் துடைத்தபடி இன்னும் வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் எட்டிப் பார்த்து, மகனின் கையையும் இழுத்து அருகில் வைத்தாள்.

"அப்படியே எம் பையன் கைல இருக்கிற அதே கோடு. நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா."

அம்மாள் பூதக்கண்ணாடியை எடுத்தார். தொழிலுக்கு வந்தபின் முதல் முறையாக ஒரு கையை உண்மையிலேயே பார்த்தார். பெருவிரல் ஓரத்தில் ராட்டினச் சங்கிலி கடித்த தழும்பு. சுண்டுவிரல் தன்னுடையதைப் போலவே கொஞ்சம் கோணல். வருங்காலம் மட்டும் எங்கும் தென்படவில்லை. அம்மாளுக்குப் பயமாக இருந்தது.

"கடல் தாண்டுற ரேகை இருக்கு," என்றார், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி.

"பளிச்சுன்னா?"

"பளிச்சுன்னுதான்."

"பெத்தவங்க?"

"அழுவாங்க. தடுப்பாங்க." அம்மாள் கையை விடவில்லை. "நீ போ. அப்பப்ப திரும்பிப் பாரு."

அதுவரை அந்தக் கூண்டில் யாருக்குமே சொல்லாத பலன் அது. வாசலில் நின்ற தாய் மகனை முன்னால் தள்ளினாள். "இவனுக்கும் அதைச் சொல்லுங்கம்மா. அப்போ சொல்ல மறந்துட்டீங்க."

சிரிக்கிறீர்களா? போன வாரம் மாடி வீட்டுப் பையனின் முதுகில் தட்டி, "தைரியமா போப்பா, உலகம் பெருசு," என்றது யார்? மறுநாள் உங்கள் மகள் பக்கத்து ஊர்க் கல்லூரியைப் பற்றிப் பேச்செடுத்ததும், "பஸ்ல கூட்டமா இருக்குமே," என்றது யார்? கையை நீட்டுங்கள் பார்ப்போம். உங்கள் மனசு யாருக்கும் புரியவில்லை. நீங்கள் எல்லோரையும் நம்பிவிடுகிறீர்கள். தலையாட்டியது போதும், வெளியே உங்கள் மகள் டோக்கனோடு நிற்கிறாள்.