சுவாசம் ஒத்திவைப்பு

பூச்சு மேம்பாட்டுக் கழகத்தின் மூன்றாம் மாடியில், கழிப்பறையைத் தாண்டி இரண்டாவது அறையில், ஓர் உருப்படியான காரியம் நடந்துவிட்டது. கழக வரலாற்றில் முன்பின் நடந்திராத விஷயம் என்பதால், இதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

காரியத்தைச் செய்தவள் பூச்சக்கா. பன்னிரண்டு வருஷமாக ஒரே வெற்றிடக் கலத்தோடு குடித்தனம் நடத்தி, இன்ஜின் துண்டுகளுக்கு வைரம் போன்ற கரிப் பூச்சு பூசுகிறவள். தலைமுடியைவிட மெல்லிசு, கெட்டியில் வைரத்துக்குத் தம்பி. இரும்பும் இரும்பும் உரசாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரே ஒரு கேடு, சூடு ஏறினால் பென்சில் கரியாகி உதிர்ந்து தொலையும். பூச்சக்கா அதில் துளி சிலிக்கனைச் சேர்த்து, ஐநூறு டிகிரியிலும் அசையாமல் உட்கார வைத்துவிட்டாள்.

கழகமோ அதற்குள் அந்த அறையைக் காலி செய்து, கலத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, ஆய்வுக் குழுக்கள் கூடிப் பேச ஒரு கூட்ட அறை அமைக்கத் தீர்மானித்திருந்தது. பூச்சு தேர்ச்சி பெற்றால் மட்டும் கலம் பிழைக்கும். அன்றிலிருந்து பூச்சக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று பேர் குழு வந்தது. முதலில் வெப்பச் சோதனை. உலையில் ஐநூறு டிகிரி காட்டித் துண்டை வெளியே எடுத்தாள். போனபடியே வந்தது, கன்னங்கரேலென்று.

"ஒண்ணுமே ஆகலையேம்மா?" என்றார் தலைவர்.

"அதான் சார் வேணும்!"

"ஒண்ணும் ஆகாததுக்கு என்னன்னு சான்று எழுதறது? கருகியிருந்தா கருகிச்சுன்னாவது எழுதலாம்."

நெடுநேரம் விவாதித்து, உலை நன்றாகச் சுடுகிறது என்று உலைக்கு ஒரு சான்று கொடுத்தார்கள்.

அடுத்தது உராய்வு. துண்டு சுழலும், அதன்மேல் ஒரு சின்னக் குண்டு உரசும், திரையில் உராய்வு எண் வரும். ஐந்துக்குள் இருந்தால் தேர்ச்சி. கண்ணாடி மூடிக்குள் உலர்ந்த காற்று ஊதிக்கொண்டிருக்க, எண் இரண்டில் நின்றது. பூச்சக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

"மூடியைத் திறங்க," என்றார் தலைவர். "நேரில் பார்க்கணும்னு விதி. கண்ணாடி வழியா பார்த்தா கண்ணாடியை ஆய்வு செஞ்சதா ஆயிடும்."

திறந்தாள். மூன்று தலைகளும் குனிந்தன. எண் ஏழுக்குத் தாவியது.

"சார், இதுக்கு ஈரம் ஆகாது. உங்க மூச்சுல ஈரம் இருக்கு, அதான்."

"இருபத்தெட்டு வருஷமா இந்தக் கழகத்துலதான் மூச்சு விடறேன். இதுவரைக்கும் ஒரு புகார் வந்ததில்லைம்மா!"

எண் ஏறிய காரணத்தை விசாரிக்க ஏழு பேர் குழு வந்து குனிந்தது. எண் பதினைந்து. அதை விசாரிக்க இருபது பேர் வந்தார்கள். ஜன்னலுக்கே வியர்த்தது; எண் முப்பதைத் தொட்டது. ஆட்கள் கூடக் கூடப் பூச்சின் தரம் குறைவதால் இன்னும் பெரிய குழு அவசியம் என்று அறிக்கை முடிந்தது.

வீட்டில் உட்கார்ந்து புலம்பினாள். லாரிப் பட்டறையில் பிரேக் பார்க்கும் வீட்டுக்காரர், வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அப்போ அவங்களை மூச்சை நிறுத்தச் சொல்லேன். உனக்கும் நிம்மதி," என்றார். மனுஷன் விளையாட்டாகத்தான் சொன்னார். பூச்சக்கா எழுதியே கொடுத்துவிட்டாள்: 'குழுவினர் ஆய்வு நேரத்தில் தங்கள் சுவாசத்தைத் தற்காலிகமாக ஒத்திவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.' ஒத்திவைப்பது கழகத்துக்குக் கைவந்த கலை. அன்றைக்கே கையெழுத்தானது.

இருபது பேரும் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார்கள். எண் இறங்கியது. பன்னிரண்டு, எட்டு, ஆறு...

"ஐந்து!" என்று பதிவுக்காக உரக்க வாசித்தார் தலைவர். வாசித்த காற்றில் எண் பதினொன்று.

மறுமுறை நான்குவரை வந்தபோது, எதிரே உப்பிய முகத்தைப் பார்த்து ஓர் உறுப்பினருக்குச் சிரிப்பு பீறிட்டது. மூன்றாம் முறை மூன்று! படிவம் எழுதுகிறவர் கண் பிதுங்க எழுதி, முத்திரை குத்தினார். இருபது மூச்சும் ஒன்றாக வெளியேற, படிவம் பறந்து உலைக்கு அடியில் போய் விழுந்தது. பூச்சக்கா தரையில் படுத்து அதை எடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டு அழுதே விட்டாள்.

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. பூச்சு தேர்ச்சி. ஆனால் மூச்சுப் பட்டால் கெடும் இயல்புடையதால், கலம் உள்ள அறை மூச்சற்ற பகுதியாக அறிவிக்கப்படுகிறது. கதவுக்குப் பூட்டு, பூட்டுக்கு அரக்கு முத்திரை.

தலைவரிடம் ஓடினாள். "சார், நான் உள்ளே போனாத்தானே பூச்சு பூச முடியும்?"

"நீங்க மூச்சு விடுவீங்களா?"

"விடுவேன் சார்."

"அப்புறம் என்னம்மா?"

வேலை இல்லாதவளைச் சும்மா வைத்திருக்கக் கூடாதே என்று, குழுவின் இருபத்தொன்றாவது உறுப்பினராக்கினார்கள். சுழலும் நாற்காலி ஒன்றும் கிடைத்தது. முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் உட்கார்ந்தாள்.

அடுத்த ஆய்வு இரண்டாம் மாடியில். பொடியை எடைபோடும் தராசுக்காரர் அங்கே ஒரு நுட்பத் தராசு செய்திருந்தார். அது தேறாவிட்டால் அவருடைய அறையில்தான் கூட்ட அறை வரும். தேறிவிட்டால், கூட்ட அறைக்கு இடம் தேடும் கழகத்தின் கண் மறுபடி மூன்றாம் மாடிக்குத்தான் திரும்பும்.

"தனியா இருக்கும்போது முள் அசையறதே இல்லைங்க. நீங்க எல்லாரும் வந்து நின்னதும்தான் ஆடுது," என்றவர், கூட்டத்தில் தெரிந்த முகத்தைக் கண்டு மலர்ந்தார். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க! உங்களுக்குத் தெரியாததா?"

பூச்சக்காவுக்குத் தெரியும். அரக்கு முத்திரைக்குப் பின்னால் இருட்டில் நிற்கும் தன் கலத்தை ஒரு நிமிஷம் நினைத்தாள்.

"தனியா இருக்கும்போதுன்னா, அதை யாருங்க பார்த்தது?" என்றாள். "தராசோட கண்ணாடிக் கதவைத் திறங்க."

திறந்ததும், நன்றாகப் பார்ப்பதற்காகக் குனிந்தாள்.