மத்திய குழு வைத்திருந்த ஃபைல்

இத்தாலியின் பலெர்மோ நகரில், தான் ஊற்றிய தேநீரையே சந்தேகப்பட்டு மணந்து பார்க்கும் ஒரே மனிதர், நாங்கள் 'மத்திய குழு' என்று பட்டம் வைத்திருந்த அண்ணைதான். சொந்தப் பெயரைக் கேட்டால், "ஆர் கேக்கச் சொன்னது?" என்பார். சீசா என்ற பகுதியில் நாங்கள் ஐந்து பேர் குடியிருந்த வீடு அவர் பெயரில் இருந்தது.

அவர் சம்பளத்துக்குப் பராமரித்த கிழட்டுப் பேராசிரியர் ஒரு புத்தகம் கொடுத்தார். சீனாவை ஆளும் கட்சி, நாட்டைச் சட்டப்படி ஆளுவது எப்படி என்று விளக்கும் இத்தாலியப் புத்தகம். அத்தோடு எங்கள் நிம்மதி போயிற்று. மறுநாளே ஃப்ரிட்ஜ் கதவில் பதினான்கு சட்டங்கள். கறிச்சட்டியை ஊறப்போட்டுவிட்டு வேலைக்குப் போவது ஏழாம் சட்டப்படி குற்றம்.

ஒருநாள் அவரே சட்டியை ஊறப்போட்டுவிட்டுப் போனார். விடுவேனா?

"அண்ணை, ஏழாம் சட்டம்?"

"சட்டத்துக்கு மேல ஒருத்தரும் இல்லைத் தம்பி. கட்சியும் இல்லை."

"அப்ப நீங்கள்?"

"சட்டத்துக்குத் தலைமை தாறது கட்சி. இஞ்சை கட்சி நான்."

"இதென்ன விசர்க்கதை?"

"இதுதான் கோட்பாடு. வடிவா வாசியும்."

பிறகொரு நாள், நான் குப்பையில் எறிந்த கடிதங்களை அவர் பொறுக்கி, நீவி, ஒரு ஃபைலில் வைப்பதைக் கண்டேன். ஃபைலில் என் பெயர். மனுசன் என்னை எங்கேயோ மாட்டிவிடப் போகிறார்! அன்றுமுதல் கடிதங்களைச் சுக்குநூறாகக் கிழித்தே எறிந்தேன். அவர் டேப் போட்டு ஒட்டினார்.

இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. பொலிஸ் குவெஸ்தூராவில், இத்தனை வருடமும் பலெர்மோவில் இருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். என்னிடம் ஒரு கடதாசி இல்லை. அது இல்லையென்றால் மன்னாருக்குத் திரும்ப வேண்டியதுதான். அவருக்குப் போன் எடுத்தேன்.

"அசையாதையும். வாறன்."

வந்தார். ஃபைலைத் திறந்தார். ஆறு வருடக் கடிதங்கள், ஆஸ்பத்திரி, வங்கி எல்லாம், திகதி வரிசையில். டேப் ஒட்டியவற்றைப் பார்த்து அதிகாரி சிரித்தார், விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணை, எனக்கு எதிராச் சேக்கிறியள் எண்டெல்லோ நினைச்சன்."

"ஓம், அதுக்குத்தான் தொடங்கினனான். ஆறு மாசத்திலை நீர் வெறும் அப்பாவி எண்டு விளங்கிற்று."

"பிறகேன் விடாமச் சேத்தனீங்கள்?"

"அரசாங்கத்தை நம்பேலாது, தம்பி."

அன்று மாலை ஃப்ரிட்ஜில் பதினைந்தாம் சட்டம் ஏறியது: 'கட்சியின் அனுமதியின்றி இந்த வீட்டிலிருந்து ஒருவரையும் எவரும் அனுப்ப முடியாது.'

இப்போது எனக்குத் தனி வீடு இருக்கிறது. ஊறிக்கிடக்கும் சட்டியைக் கண்டால் அவர் நினைவு வந்துவிடும்; எழுந்துபோய்க் கழுவிவிட்டுத்தான் படுப்பேன்.